இடையூறு என்று குறித்தவை

அத்தையின் வீடும் நான் தங்கியிருந்த விடுதியும் ஒரே நகரத்தில், திருவனந்தபுரத்தில்தான் இருந்தன. அவள் ஆரியசாலையில், நான் கழக்கூட்டத்தில். நடுவில் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். மழை பெய்தால் ஒன்றரை. அப்படியிருந்தும் அவள் சொன்ன குடும்பக் கதைகள் முழுவதையும் நான் தொலைபேசியில்தான் பதிவு செய்தேன்.

அதற்கு மூன்று காரணங்கள் வைத்திருந்தேன். ஒன்று, நேரில் போனால் அத்தை என்னை விருந்தாளி ஆக்கிவிடுவாள். நான் செருப்பைக் கழற்றும் முன்பே தன் மகளைக் கடைக்கு விரட்டுவாள். பழம்பொரி வரும், சாயா வரும், அப்பாவின் சர்க்கரை அளவு பற்றிய விசாரணை வரும். கதை வராது. இரண்டு, இடுப்பெலும்பு முறிந்து நான்கு வருடமாகக் கட்டிலில் இருந்தவளுக்குத் தன்னை யாரும் பார்ப்பது பிடிக்கவில்லை. பேச்சுக்கு நடுவே போர்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பாள். தொலைபேசியில் குரல் மட்டும்தான். அவள் குரலுக்கு வயதாகியிருக்கவில்லை. மூன்று, மாலை ஆறு மணிக்கு எங்கள் அலுவலகத் தளத்தில் ஒரு சிறிய கூட்ட அறை காலியாகும். கதவை மூடினால் வெளிச்சத்தம் துளியும் வராது.

மூன்றும் உண்மைதான். போகாமல் இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை நான் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

மைனி அத்தையின் மகள். அத்தை மகளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட இருபது வயது மூத்தவள். சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், அத்தை விழுந்த மாதத்தில் அந்த வேலையை விட்டாள். முன்பு அவளை இரண்டு மூன்று இடங்களிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள் என்றும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் தள்ளிப்போயிற்று என்றும் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவளுடைய அண்ணன், என் அத்தான், ஷார்ஜாவில் இருந்தார். மாதந்தோறும் பணம் அனுப்புவார், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார்.

பதிவு செய்யும் யோசனை ஒரு கல்யாணப் பந்தியில் வந்தது. எங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எதற்காகத் திருவனந்தபுரம் வந்தது என்று பெரியவர்கள் நான்கு பேர் நான்கு விதமாகச் சண்டை போட்டார்கள். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, "அக்காவைக் கேளுங்க. அவ ஒருத்திக்குத்தான் முழுசும் தெரியும்" என்றார். யார் கேட்பது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். கேள்வி எழுதி, பதில் வாங்கி, அட்டவணையில் போடுவதற்குக் குடும்பத்தில் என்னைவிட்டால் ஆளில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

முதல் நாள் அழைத்தபோது, பேச்சு தொடங்கியதும் கைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஆங்கிலத்தில் அறிவித்தது.

"ஆரு அது நடுவிலே?" என்றாள் அத்தை.

"மிஷின் அத்தை. ரெக்கார்டு பண்றோம்னு சொல்லுது."

"நம்ம குடும்பக் கதையை அவ எதுக்குக் கேக்கணும்? அவளைப் போகச் சொல்லு."

"போயாச்சு அத்தை."

"நிச்சயமா?"

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் முடிந்ததும், "அவ போயாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதையைத் தொடங்குவாள். என்னை மருமகளே என்று கூப்பிடுவாள். "ஒரு பதினஞ்சு வருஷம் முந்திப் பிறந்திருந்தா உன்னை என் மகனுக்கே கட்டி வச்சு, இந்தக் கேள்வியெல்லாம் நேரா அடுக்களையிலே இருந்தே கேக்க வச்சிருப்பேன்" என்பாள்.

கதைகள் நன்றாக இருந்தன. அவளுடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் தொடங்கியது. கடைக்குப் பின்னாலேயே வீடு. மூட்டை பிரிக்கும் நாளில் வீடு முழுக்க நெடியேறும். பிள்ளைகள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு பாடம் எழுதுவார்களாம். "கொரோனா வந்தப்போ நீங்க எல்லாரும் மாஸ்க் போட்டீங்க. நாங்க அறுபது வருஷம் முன்னாலேயே போட்டாச்சு, கேட்டியா." பள்ளிக்கூடம் மலையாளத்தில், வீடு தமிழில். "இங்கே என்னைப் பாண்டிக்காரின்னு சொல்வாங்க. லீவுக்கு ஊருக்குப் போனா மலையாளத்தான் வீட்டுப் பிள்ளைன்னு சொல்வாங்க. அப்பா எனக்குப் பேரு வச்சது வேஸ்ட்." பிறகு கல்யாணம், நாகர்கோவில், ஒன்பது வயது மகனும் ஆறு வயது மகளுமாகக் கணவனை இழந்து அதே மிளகாய் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதைச் சொல்லும்போது அவள் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பேருந்தில் எந்த இருக்கை கிடைத்தது என்பது வரை சொன்னாள்.

ஏழு மாதங்களில் நாற்பத்தொரு அழைப்புகள். அவற்றை நான் பதப்படுத்திய முறையைச் சொல்ல வேண்டும். பிறகு நடந்த எல்லாமே அதிலிருந்துதான் வந்தது.

பதிவான பேச்சு ஒரே ஓட்டமாக இருக்காது. இருமல் வரும். வாசலில் மீன்காரி கூவுவாள். குக்கர் விசில் அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தை கதையை நடுவில் நிறுத்திவிட்டு மைனியைக் கூப்பிடுவாள். "ஏட்டீ..." என்று இழுத்து ஒரு விளி. ஃபேனைக் குறை. ஜன்னலைச் சாத்து. என் கால் பக்கம் அந்தத் தலையணையை வை. ஏட்டீ, வாசல்லே ஆரு. ஏட்டீ, நீ சாப்பிட்டியா. பத்து நிமிடத்துக்கு இரண்டு முறையாவது வரும். மைனியின் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த விளிதான் பெயர்.

நான் ஒவ்வொரு பதிவையும் கேட்டு, நிமிடம், நொடி, விஷயம், வகை என்று நான்கு பத்திகளில் குறிப்பேன். வகை இரண்டே இரண்டு: கதை, இடையூறு. பிறகு நானே எழுதிய ஒரு சின்ன நிரல், இடையூறு என்று குறித்த துண்டுகளை எல்லாம் வெட்டிவிட்டு மிச்சத்தை ஒட்டித் தரும். ஒட்டு தெரியாது. 'கடை தொடங்கியது', 'பள்ளிக்கூடம்', 'நாகர்கோவில்' என்று தலைப்புப் போட்டுக் குடும்பம் முழுவதும் கேட்கும்படி ஒரு பொதுக் கோப்புறையில் வைப்பேன். சரிபார்த்து முடித்ததும் மூலப் பதிவை அழித்துவிடுவேன். இடம் அடைத்துக்கொண்டிருக்கும் என்பது மட்டுமல்ல. திருத்தியதும் திருத்தாததும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எது இறுதி என்று குழப்பம் வரும். அலுவலகத்தில் எனக்குப் பழக்கப்பட்ட ஒழுங்கு அது.

ஆடி மாதத்து மழையில் அத்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தாள். ஆறாம் நாள் காலையில் அப்பா அழைத்து, "அக்கா போயிட்டாம்மா" என்றார். அத்தானுக்கு டிக்கெட் கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள், எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது என் அப்பா. அத்தான் பெட்டியோடு வாசலில் நின்று, உள்ளே வராமல், "ஒரு நாள் வச்சிருந்திருக்கலாமே மாமா" என்று மட்டும் கேட்டார். அப்பா போய் அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, சாப்பிட்டவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அத்தான் என் பதிவுகளை ஒலிபெருக்கியில் போட்டார். அத்தையின் குரல் அந்த வீட்டில் மறுபடி நிறைந்தது. தங்கு தடையில்லாமல், இருமல் இல்லாமல், ஒரே சீராக. ஒரு சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரேடியோ நாடகம் மாதிரி எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார். அத்தான் என் தலையில் கை வைத்து, "நீ செஞ்சது பெரிய காரியம் மோளே" என்றார். நானும் அழுதேன். ஆனால் அந்தப் பாராட்டு என் காதில் இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மைனி அடுக்களை வாசலில் ஈரக்கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பதிவுகள் முழுவதும் நின்றாள். மூன்றாவதன் பாதியில் உள்ளே போய்விட்டாள்.

நான் இலைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனபோது பாத்திரத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளே, ஒண்ணு கேக்கட்டா?"

"சொல்லுங்க மைனி."

"அதிலே எங்கேயும் என்னைக் கூப்பிடலையே."

எனக்கு முதலில் புரியவில்லை.

"நான் கூடவேதானே இருந்தேன்? நீ விளிக்கற நேரமெல்லாம் நான் அந்த ரூமிலேதான். அரை மணி நேரத்திலே என்னை அம்மை பத்து தடவை எழுப்புவா. இதிலே நான் இல்லவே இல்லை. ஆளில்லாத வீட்டிலே இருந்து பேசுற மாதிரி இருக்கு."

"அது... கதைக்கு நடுவிலே வந்ததாலே எடுத்துட்டேன் மைனி. கேக்கறவங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு."

"சாரமில்லே, பரவாயில்லே" என்றாள். பாத்திரத்தை ஒரு முறை கழுவி, கழுவினதையே திரும்பக் கழுவினாள். "கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். அது எனக்கு வேண்டாம். அந்த விளி ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தா. அது கேக்காம எனக்கு எதுவும் ஓட மாட்டேங்குது. பால் வச்சா பொங்கிப் போகுது. இத்தனை வருஷமா அந்த விளி கேட்டுத்தான் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்கு எழும்பினது. இப்போ இருந்த இடத்திலேயே இருக்கேன். எடுத்துப் போட்டதை எங்கேயாவது வச்சிருப்பே அல்லே?"

"பாக்கறேன் மைனி" என்றேன். இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஆனாலும் தேடினேன். கைபேசி, பழைய கைபேசி, மடிக்கணினி, அதன் குப்பைத்தொட்டி, மேகச் சேமிப்பு, அதன் குப்பைத்தொட்டி, அலுவலகக் கணினி. அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருள்கள் மூன்றை ஓட்டிப் பார்த்தேன். கிடைத்தவை உடைந்த துண்டுகள், திறக்கவில்லை. என் அட்டவணைகள் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் பத்திரமாக இருந்தன. வரிசை வரிசையாக நேரம், அதன் எதிரே 'மைனியைக் கூப்பிடுகிறாள்', அதன் எதிரே 'இடையூறு'. எத்தனை முறை என்று கணினியிடம் கேட்டேன். முந்நூறைத் தாண்டியது. என்ன நொடியில் கூப்பிட்டாள் என்பது வரை என்னிடம் இருந்தது. கூப்பிட்ட குரல் இல்லை.

நாலாவது நாள் ஒரு பதிவு கிடைத்தது.

'பயன்படாது' என்று ஒரு கோப்புறை வைத்திருந்தேன். அதில் ஒரே ஒரு கோப்பு. அதில் கதை எதுவும் இல்லாததால் நான் அதை அட்டவணை போடவே இல்லை. அட்டவணை போடாததால் சரிபார்க்கவும் இல்லை. சரிபார்க்காததால் அழிக்கவும் இல்லை. என் ஒழுங்கின் ஓட்டையில் தப்பியது அது. ஆறு நிமிடம். வெளியே மழை.

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். தொடக்கத்திலேயே வந்துவிட்டது: "ஏட்டீ... குடிக்கக் கொஞ்சம் சூடுவெள்ளம் கொண்டு வாட்டி." தூரத்தில் மைனி, "இதோ வாறேன் அம்மே." செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறது. எனக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது.

பிறகு அத்தையின் குரல் இறங்கியது.

"மருமகளே, உங்கிட்டே சொல்றேன், நீ யார்கிட்டேயும் சொல்லாதே. இவ என்னைப் பாக்கறா. பாக்கலைன்னு சொன்னா என் வாய் அழுகிப் போகும். ஆனா முகத்தைக் காட்டுறா. விரிப்பு மாத்தி ரெண்டு நாளாச்சு. கஞ்சியிலே உப்பு இல்லைன்னா, நாக்குக்கு இனி என்ன ருசின்னு கேக்கறா. நான் போனா இவளுக்கு நிம்மதி. அது எனக்குத் தெரியாதா? எம் மகன் பக்கத்திலே இருந்தா நான் இப்படிக் கிடப்பேனா? அவன் கையாலே ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுக் கண்ணை மூடினாப் போதும் எனக்கு. அவனுக்கு எழுதலாம்னா எழுத முடியலை. போன்லே சொன்னா, வாறேன் அம்மே, வாறேன் அம்மேன்னு சொல்லுவான். வரமாட்டான்."

இப்படி நான்கு நிமிடம். நடுவில் என் குரலும் இருந்தது. "ம்." "சரி அத்தை." "ம்." கடைசியில், நல்ல தெளிவாக, "சரி அத்தை, நாம கடையை வாடகைக்கு விட்ட விஷயத்துக்கு வருவோமா?"

அந்தக் கேள்வியை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அன்று என் அட்டவணையில் நிரப்ப வேண்டிய அடுத்த வரி அதுதான். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரம் எதுவும் செய்யவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். முதல் பதினோரு நொடியை மட்டும் வெட்டி எடுத்தேன். விளி, சூடுவெள்ளம், மைனியின் பதில், செருப்புச் சத்தம். குரல் இறங்குவதற்கு முன்னால் நிறுத்தினேன். ஒட்டு வேலைகூடத் தேவைப்படவில்லை. 'ஒண்ணு கிடைச்சுது மைனி' என்று எழுதி அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் அழைத்தாள். அழுதிருந்தாள் என்று குரலில் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "இருபது தடவை கேட்டேன் பிள்ளே" என்றாள். பிறகு, "மிச்சத்தையும் அனுப்பு" என்றாள்.

"மிச்சமா? அவ்வளவுதான் மைனி."

"பொய் சொல்லாதே."

"இல்ல மைனி, அதுக்கு அப்புறம் சும்மா..."

"அம்மை சூடுவெள்ளம் கேட்டாலே எனக்குத் தெரியும். தாகம்னா பச்சைவெள்ளம் கூஜாவிலே கட்டில் பக்கத்திலேயே இருக்கு, அவளே கையை நீட்டி எடுத்துக் குடிப்பா. ஃபிளாஸ்க்கிலே வச்சா வாடை அடிக்குதும்பா. சூடுவெள்ளம்னா நான் அடுக்களைக்குப் போகணும், தண்ணியிலே பதிமுகக் கட்டை போடணும், கொதிச்சுச் சிவந்து வரணும், ஆறணும். பத்து நிமிஷம் கிட்டும். ஆர் வந்தாலும் இதுதான். பக்கத்து வீட்டு சேச்சி வந்தா சூடுவெள்ளம். உங்க அப்பா வந்தா சூடுவெள்ளம். கொண்டு வந்து வச்சா ஒரு மடக்குகூடக் குடிக்கமாட்டா. என்னைப் பத்திக் குறை சொல்றதுக்குத்தான் அந்த வெள்ளம்."

நான் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்ன சொன்னா?"

"மைனி, வேண்டாமே."

"எங்க அம்மை. நான் பார்த்த அம்மை. நீ எடுத்து மாத்தி, எடுத்து மாத்தி, எனக்கு எந்த அம்மையைத் தரப் போறே? முழுசும் அனுப்பு."

அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது. அன்று அவள் அழைக்கவில்லை. மறுநாளும் இல்லை. நான் அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. விடுப்பு எடுக்க வேண்டிய அவசியமே இல்லாத நாள். பேருந்து ஏறி ஆரியசாலைக்குப் போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலின் மேல் அத்தையின் துணிகளை மைனி குவித்து வைத்து, தானம் கொடுக்க வேண்டியவை, வைத்துக்கொள்ள வேண்டியவை என்று பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானும் ஒரு பக்கம் உட்கார்ந்து மடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலேயே சொன்னாள்: "விரிப்பு மாத்தி ரெண்டு நாளாச்சுன்னு சொல்றா. அது பொய். நீ விளிச்ச அன்னைக்குக் காலையிலேதான் மாத்தினேன். மழையிலே காயலைன்னு இஸ்திரி போட்டு உலர்த்தினேன். எனக்கு நல்ல ஓர்மை இருக்கு."

"சரி மைனி."

"கஞ்சியிலே உப்பில்லாதது நிஜம். டாக்டர் குறைக்கச் சொன்னார். அதை அவகிட்டே சொன்னா, டாக்டர் என்ன உனக்கு மாமனான்னு கேப்பா." சிரிப்பு போல ஒன்று வந்து பாதியில் நின்றது. "முகத்தைக் காட்டினதும் நிஜம். காட்டினேன். என்ன செய்ய? சில நாள் முடியலை."

ஒரு முண்டுத் துணியை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நான் போனா இவளுக்கு நிம்மதின்னு சொன்னாளே. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு மூணு நாளா யோசிக்கேன். கதவுப் பக்கத்திலே நின்னு முன்னாலே ஒரு தடவை இதையே கேட்டிருக்கேன். அப்போ கோபம் வந்துது. உள்ளே போய் டம்ளரை டப்புன்னு வச்சேன். இப்போ எங்கே போய் வைக்க?"

அவள் என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"அம்மை சொன்னது பரவாயில்லே பிள்ளே. அவளுக்கு வலி. வேற ஆரைச் சொல்லுவா? நீதான்... ம், ம்னு கேட்டுட்டு இருந்தியே. மைனி பாவம் அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லலாமாயிருந்துது. கடை விஷயத்துக்கு வருவோமான்னு கேக்கறே."

"தப்புதான் மைனி."

"ம்" என்றாள். என் 'ம்' போலவே இருந்தது. வேண்டுமென்று செய்தாளா என்று தெரியவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை நான் பேருந்தில் வரும்போது ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அந்த அறையில் அதைச் சொன்னால், அதற்கும் அவள்தான் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று பட்டது. சொல்லாமல் மடித்தேன். சோப்பும் தைலமும் கலந்த வாடை துணியிலிருந்து வந்தது. கூடத்தில் அத்தையின் படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு சுமை வண்டியைப் பின்னுக்கு எடுக்க இரண்டு பேர் மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினார்கள்.

துணி முடிந்ததும் மைனி கேட்டாள்: "அது உங்கிட்டே இப்போ எங்கே இருக்கு?"

"என் லேப்டாப்பிலே. வேற ஆரும் பாக்க முடியாது."

"அழிச்சிரு."

"மைனி?"

"எனக்கு அனுப்பினது எங்கிட்டே இருக்கு, போதும். உன் கையிலே இருந்தா ஒரு நாள் யாருக்காவது கொடுப்பே. நல்ல எண்ணத்திலேதான் கொடுப்பே. அண்ணன் கேட்டா கொடுத்திருவே." குரலைத் தாழ்த்தினாள், அந்த வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லாதபோதும். "அவன் கையாலே ஒரு வாய் கஞ்சின்னு சொல்றா பாரு. வரமாட்டான்னு சொல்றா பாரு. அதைக் கேட்டா அவன் தாங்கமாட்டான். என்னைச் சொன்னதை நான் கேட்டுட்டுக் கிடப்பேன், எனக்குப் பழக்கம். அவனுக்குப் பழக்கமில்லே. அவன் எப்பவும் நல்லபேர் வாங்கினவன்."

மடிக்கணினியைக் கொண்டுபோயிருந்தேன். அவள் பார்க்கும்படி திறந்து, 'பயன்படாது' கோப்புறையையும் அதிலிருந்ததையும் அழித்தேன். எதையும் மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைப்பவள் நான். கை தயங்கியது. மைனி திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று சொன்னதும், "சாயா போடட்டா?" என்று எழுந்தாள்.

அத்தான் ஷார்ஜா திரும்பிய பிறகு என்னை அழைத்தது அதற்கு அடுத்த மாதம். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, அறையில் கூட இருப்பவர்கள் வெளியே போயிருக்கிறார்கள் என்றார். பதிவுகளை வேலைக்குப் போகும் வழியில் வேனில் கேட்கிறாராம். நாகர்கோவிலை மட்டும் கேட்க முடியவில்லை என்றார். வேலை எப்படி, விடுதிச் சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டார்.

"மோளே, ஒண்ணு கேட்டா உள்ளதைச் சொல்லணும். அம்மை கடைசிக் காலத்திலே என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

கூட்ட அறையின் கதவு மூடியிருந்தது. என் மூச்சு எனக்கே கேட்டது.

"சொன்னாங்க அத்தான். ஏழாங்கிளாஸ்லே நீங்க பரிசு வாங்கினதுக்கு எல்லாருக்கும் மிட்டாய் வாங்கித் தரணும்னு அத்தையோட கொலுசை அடகு வைக்கச் சொல்லி அழுதீங்களாமே. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

"அது பழசு" என்றார். "இப்போ, கிடக்கும்போது?"

"பழசுதான் அத்தான் பதிவாச்சு" என்றேன்.